டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது, கழற்றிவிடலாமா?

கேள்வி: மூன்று வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அலுவலகம் போவேன், மாலையில் வீடு. ஒரு பக்கம் ஐந்து கிலோமீட்டர்தான். சில மாதங்களுக்குள் இரண்டாவது முறையாக டிபிஎஃப் என்ற புகை ஃபில்டரின் விளக்கு எரிகிறது. முதல் முறை ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஏதோ எரித்துக் கொடுத்தார்கள். இப்போது மறுபடியும் அதே விளக்கு. “உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன். மைலேஜும் பிக்கப்பும் கூடும், தொல்லையும் தீரும்” என்கிறார் ஒரு மெக்கானிக். யூரியா திரவம் குறைந்திருக்கும் என்கிறார் நண்பர். வண்டியில் புகையே தெரிவதில்லை. இந்த ஃபில்டர் அப்படி என்னதான் செய்கிறது? எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: கழற்றாதீர்கள். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நீங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்ப நேர்ந்தால், இந்த ஒரு வார்த்தையாவது உங்களோடு வரட்டும்.

உங்கள் வண்டியின் ஃபில்டர் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. அந்த விளக்கு சொல்வது இதுதான்: “என்னிடம் கரி சேர்ந்துவிட்டது, எரிக்க நேரம் கிடைக்கவில்லை.” ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த நேரம் கிடைக்காது. வேறு கோளாறும் சேர்ந்திருக்கலாம், அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கரி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். டீசல் இன்ஜினில் காற்று மட்டும் அழுத்தப்பட்டுச் சூடாகிறது, அதற்குள் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது. பீய்ச்சிய துளிகளின் நடுவில் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. அந்த இடத்தில் டீசல் முழுதாக எரியாமல் கார்பன் துகளாகிறது. உருவாகும்போது ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 20 முதல் 30 நானோமீட்டர்தான். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகி, வெளியே வரும்போது 100 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் பத்தாயிரம் துகள்களை வரிசையாக வைக்கலாம். எரியாத எரிபொருளின் ஆவியும் நச்சு ஹைட்ரோகார்பன்களும் அவற்றின் மேல் படிந்துகொள்ளும்.

இதைப் பிடிக்கத்தான் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர், சுருக்கமாக டிபிஎஃப். பழுதான ஒன்றை அறுத்துப் பார்த்தால் அதன் வேலை சட்டென்று விளங்கும். தகர உறைக்குள் உருளையான செராமிக் கட்டி இருக்கும். சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட் என்ற பொருளில் செய்வார்கள். கட்டியின் முகப்பைப் பார்த்தால் சதுரங்கப் பலகைதான்: ஒரு கட்டம் திறந்திருக்கும், அடுத்த கட்டம் அடைத்திருக்கும். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் அப்படியே மாறியிருக்கும். முன்னால் திறந்த குழல் பின்னால் அடைபட்டிருக்கும். ஒரு சதுர அங்குலத்தில் இருநூறு, முந்நூறு குழல்கள். உள்ளே போன புகைக்கு நேரே வெளியேற வழியில்லை. பக்கத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் அடுத்த குழலுக்குப் போயாக வேண்டும். அந்தச் சுவரின் கனம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அதில் பாதி இடம் வெறும் நுண்துளைகள்.

இங்கேதான் பலரும் தவறாக நினைப்பது. அந்த நுண்துளைகள் 10 முதல் 20 மைக்ரான் அகலம் கொண்டவை. கரித்துகளோ 0.1 மைக்ரான், அதாவது 100 நானோமீட்டர். துளை துகளைவிட நூறு மடங்கு பெரியது. பிறகு எப்படிப் பிடிபடுகிறது? இவ்வளவு சிறிய துகள் நேர்கோட்டில் போகாது. வாயு மூலக்கூறுகள் நாலாபுறமும் இடிப்பதால் தாறுமாறாக அலைந்துகொண்டே போகும். வளைந்து நெளிந்த துளைக்குள் அப்படி அலையும்போது எங்காவது சுவரில் மோதும், மோதியதும் ஒட்டிக்கொள்ளும். துகள் சிறிதாக ஆக, அலைச்சல் கூடும். பிடிபடும் வாய்ப்பும் கூடும். உடம்புக்குள் மிக ஆழமாகப் போகக்கூடிய மிகச் சிறிய துகள்களை இந்த ஃபில்டர் நன்றாகவே பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சற்று நேரத்தில் சுவரின் மேல் மெல்லிய கரிப்படலம் உருவாகிறது. அதன்பின் அந்தப் படலமே வடிகட்டியாக வேலை செய்கிறது, செராமிக் சுவர் அதைத் தாங்கி நிற்கிறது. அதனால் கொஞ்சம் கரி சேர்ந்த ஃபில்டர், புத்தம் புதிய ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டும். நல்ல நிலையில் உள்ள ஒன்று நூறு துகளில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்துவிடும், பல சமயம் தொண்ணூற்றொன்பது வரை.

கரி சேர்ந்துகொண்டே போனால் புகை வெளியேறத் திணறும், இன்ஜினுக்குப் பின்னழுத்தம் ஏறும். எனவே அவ்வப்போது அதை எரித்தாக வேண்டும். இதற்குத்தான் ரீஜெனரேஷன் என்று பெயர். நெடுஞ்சாலையில் சீராக ஓட்டும்போது புகையின் வெப்பம் 250 முதல் 400 டிகிரி வரை வரும். ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் (புகையிலுள்ள வாயுக்களை ஆக்சிஜனோடு சேர வைக்கும் வினையூக்கி) அப்போது நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்கும், அது கரியைச் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. நகருக்குள் குறைந்த தூரம் ஓட்டும்போது புகை அந்த வெப்பத்தைத் தொடுவதே அபூர்வம். அப்போது இன்ஜினின் கம்ப்யூட்டர் தானே இறங்கி வேலை செய்யும். வழக்கமான பீய்ச்சலுக்குப் பிறகு, காலம் கடந்து கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விடும். அது சிலிண்டரில் முழுதாக எரியாமல் கேட்டலிஸ்டில் போய் எரிந்து, ஃபில்டரை 600 டிகிரி வரை சூடாக்கும். அந்தச் சூட்டில் ஆக்சிஜனே கரியை எரித்துக் கரியமில வாயுவாக்கிவிடும். பெரும்பாலான கார்களில் இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும்.

இப்போது உங்கள் ஐந்து கிலோமீட்டரை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாகவே பாதி வழி போய்விடும். மீதி வழியில் எரிப்பு தொடங்கினாலும் அலுவலக வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். மாலையில் மறுபடி தொடக்கத்திலிருந்து. கரி குறைவதில்லை, அதோடு இன்னொரு கேடும் நடக்கிறது. எரிப்புக்கென்று கூடுதலாக விட்ட டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஒவ்வொரு அரைகுறை எரிப்பிலும் கொஞ்சம் சேரும். இன்றே ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், துடைத்து முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், உடனே ஆயிலை மாற்ற வேண்டும். அப்படி நீர்த்துப்போன ஆயில் டர்போவையும் பேரிங்குகளையும் தேய்த்துவிடும்.

எரிப்பு நடக்கிறது என்பதை வண்டியே காட்டிக்கொடுக்கும். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நிற்கும். அந்த நேரத்து மைலேஜ் திடீரென்று குறைவாகக் காட்டும். தானாக அணைந்து எழும் வசதி உள்ள வண்டியில் அது வேலை செய்யாது. வண்டியை நிறுத்தி இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும், அடியிலிருந்து சூடான வாடை வரும். இவற்றில் ஏதாவது தென்பட்டால், கைவசம் நேரம் இருந்தால், இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். நேரம் இல்லையென்றால் ஒருமுறை பாதியில் அணைப்பதால் குடி முழுகாது. தினமும் அணைப்பதுதான் ஆபத்து. அந்த நேரத்தில் காய்ந்த புல், சருகு கிடக்கும் இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

யூரியா விஷயத்தில் நண்பர் இரண்டு அமைப்புகளைக் குழப்பிக்கொள்கிறார். யூரியா திரவம் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் வேறொரு கேட்டலிஸ்டுக்கானது. அதற்குத் தனி டேங்க், தனி விளக்கு. தவறிக்கூட அதை டீசல் டேங்கில் ஊற்றிவிட வேண்டாம். பம்ப் முதல் இன்ஜெக்டர் வரை எல்லாம் போய்விடும்.

சரி, எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மெக்கானிக் சொன்னதில் ஒரு பாதி உண்மை. விளக்கு எரியாது, ஏனென்றால் அதைக் கேட்கும் சாஃப்ட்வேரையே ஊமையாக்கிவிடுவார். பிக்கப் கூடியது போலவும் இருக்கும். ஆனால் அடைபட்ட ஃபில்டரோடு ஒப்பிட்டால்தான் அந்த வித்தியாசம். சுத்தமாக இருக்கும் ஃபில்டர் இன்ஜினிடமிருந்து பறித்துக்கொள்ளும் சக்தி மிகக் கொஞ்சம்.

புகையே தெரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிடப் பல மடங்கு சிறிய துகளைக் கண் பார்க்காது. ஃபில்டரை எடுத்த பிறகும் பல நவீன வண்டிகளில் கறுப்புப் புகை பெரிதாகத் தெரியாது. புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கும் பழைய சோதனைக் கருவியும் பல சமயம் ஏமாந்துவிடும். இதனாலேயே 2022-இல் பெல்ஜியமும் 2023-இல் நெதர்லாந்தும் ஜெர்மனியும், ஓடும் டீசல் வண்டிகளுக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. பிரிட்டனில் 2014 முதலே, ஃபில்டரோடு வந்த வண்டியில் அது இல்லையென்றால் சோதனையில் தேறாது. வேறு பல நாடுகளிலும் புகைக் கட்டுப்பாட்டு உறுப்பைக் கழற்றுவது சட்டப்படி குற்றம்.

ஐரோப்பாவின் யூரோ 5 விதியின் இரண்டாம் கட்டமும், இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 விதியும் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகள்களுக்கு மேல் விடக்கூடாது என்கின்றன. கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். ஃபில்டர் இல்லாத டீசல் கார் இதைப்போல் பல பத்து மடங்கு விடும். எடையில் பார்த்தால் கிலோமீட்டருக்குச் சில மில்லிகிராம் என்று அற்பமாகத் தெரிவதால்தான், எண்ணிக்கைக்கும் தனியாக வரம்பு வைத்தார்கள்.

இந்தத் துகள்கள் போகும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் பெரிய தூசியைத் தடுக்கும், இவற்றைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். மிகச் சிறியவற்றில் ஒரு பங்கு அங்கிருந்து ரத்தத்துக்கும் போகும். ஆஸ்துமா கடுமையாவதும், இதய நோயும் பக்கவாதமும் நுண்துகள் மாசோடு தொடர்புடையவை என்று பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அதே நிறுவனம் 2021-இல் நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. குறைந்த அளவிலும் கேடு தெரிந்ததுதான் காரணம்.

உங்கள் வண்டி தினமும் நிற்கும் இடம் பள்ளி வாசல். சைலன்சர் குழாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளையின் மூக்கு, பெரியவர்களின் மூக்கைவிட அதற்கு அருகில். வண்டிகள் வரிசையாக இன்ஜினை அணைக்காமல் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் யார் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பெரியவர்களைவிடப் பிள்ளைகள் உடல் எடைக்கு அதிகக் காற்றை இழுப்பவர்கள், அவர்களின் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பின்னால் இருசக்கர வண்டியில் வருபவருக்கும் இதே கதிதான். ஃபில்டரை எடுப்பதால் கரி எங்கும் மறைந்துவிடாது. உங்கள் வண்டியின் அடியில் பிடிபட்டுச் சாம்பலாக வேண்டியது, அவர்கள் மார்புக்குள் போய்த் தங்கும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி செய்ய வேண்டியவை. விளக்கு மஞ்சளாக, விட்டுவிட்டு எரியாமல் நின்று எரிந்து, வண்டி வழக்கம்போல் இழுத்தால், ஓட்டியே சரிசெய்யலாம். டேங்கில் கால்பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும்; பல வண்டிகள் டீசல் குறைந்தால் எரிப்பைத் தொடங்கவே தொடங்காது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, தடையில்லாத சாலையில் அறுபது கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், ஒரு கியர் குறைவாக வைத்து ஆர்பிஎம் 2000 முதல் 2500 வரை இருக்கும்படி இருபது, முப்பது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு வேகம், வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். விளக்கு அணைந்ததும் நின்றுவிடாமல் மேலும் ஐந்து நிமிடம் ஓட்டுவது நல்லது. இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, சிவப்பு வந்தாலோ, வண்டி இழுக்காமல் திணறினாலோ இந்த முயற்சியே வேண்டாம். அளவுக்கு மீறிக் கரி சேர்ந்த நிலையில் தீப்பிடித்தால் உள்வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டி செராமிக் விரிசல் விடும், உருகவும் செய்யும். அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இது இரண்டாம் முறை என்பதால் ஒர்க்‌ஷாப்புக்கும் போகத்தான் வேண்டும். மறுபடி எரித்துக் கொடுத்து அனுப்ப விடாதீர்கள், காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பிரஷர் சென்சார். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கரியின் அளவைக் கணிக்கிறது. சாவி போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்க்கும்போது ஸ்கேனரில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதே ஏதோ ஓர் அளவு காட்டினால் சென்சார்தான் பொய் சொல்கிறது. அதற்குப் போகும் இரண்டு சிறிய ரப்பர் ஹோஸ்களில் ஒன்று வெடித்திருந்தாலும் கழன்றிருந்தாலும் இதே கதைதான். இந்த ஹோஸ் விஷயத்தைப் பார்க்காமல் ஃபில்டரையே மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. அடுத்தது இன்ஜினின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் எரிப்புக்குத் தேவையான சூட்டுக்கே வராது. பிறகு ஒழுகும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு ஒட்டிக்கொள்வது, ஆயில் கசியும் டர்போ, காற்று கசியும் இன்டர்கூலர் ஹோஸ். இவையெல்லாம் கரியை அளவுக்கு மேல் உண்டாக்குபவை. ஃபில்டரை எடுத்துவிட்டால் இவற்றில் எது கெட்டிருந்தாலும் உங்களுக்குச் சொல்ல ஆளிருக்காது, இன்ஜின் கையை விட்டுப் போகும்போதுதான் தெரியவரும்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது வெள்ளைத் துணியை விரலில் சுற்றி சைலன்சர் குழாயின் உட்புறத்தைத் துடையுங்கள். ஃபில்டர் முழுசாக இருந்தால் துணியில் தூசிச் சாயல்தான் இருக்கும். கையில் மை போல ஒட்டும் கறுப்புக் கரி வந்தால் ஃபில்டர் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் ஏற்கெனவே அதைக் காலி செய்திருக்கலாம். பழைய வண்டி வாங்குகிற எல்லோருக்கும் நான் சொல்வது இது.

ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. இன்ஜின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம், மக்னீசியம் ஆகியவற்றிலிருந்து வருவது அந்தச் சாம்பல். ஃபில்டரின் பின்முனையில் சேர்ந்து கல்லாகப் படியும். அதனால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) தரக் குறியான சி2 அல்லது சி3 என்று கையேடு கேட்கும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சி3 ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பழைய வகை ஆயில்களில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை இருக்கும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பல பத்தாயிரம் ஓடிய பிறகு சாம்பல் அடைத்தால், ஃபில்டரைக் கழற்றி, அதற்கென்றே உள்ள கருவியில் சூளைச் சூடும் எதிர்க்காற்றும் கொடுத்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டலாம். வண்டி கழுவும் பிரஷர் பம்பை உள்ளே பாய்ச்சுவது வேண்டாம், செராமிக்கின் மேல் பூசிய கேட்டலிஸ்டைப் பெயர்த்துவிடும்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வீட்டுக்கு டீசல் கார் பொருத்தமில்லை. வைத்திருக்கும்வரை வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் தடையில்லாத சாலையில் ஓட்டும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மாற்றும்போது மின்சார வண்டியையோ ஹைப்ரிடையோ பாருங்கள். நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களிலும் இப்போது துகள் ஃபில்டர் வருகிறது. அவற்றின் புகை இயல்பாகவே அதிகச் சூடு என்பதால், குறைந்த தூர ஓட்டத்தில் டீசல் அளவுக்குத் தொல்லை தருவதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் காட்டும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்: ஃபில்டரில் இப்போதுள்ள கரி எத்தனை கிராம், சாம்பல் எவ்வளவு, கடைசியாக முழுமையாக எரிந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் பிரஷர் சென்சார் என்ன காட்டுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், காரணம் உங்கள் ஓட்டத்திலா இன்ஜினிலா என்று அடுத்த பதிலில் பார்த்துவிடலாம்.